இன்ஜின் போன மோவர்: ரீபோர் செய்வதா, இன்ஜின் மாற்றுவதா, தலைமுழுகுவதா?

வட கரோலினாவில் ஏப்ரல் கடைசியில் புல் வளரும் வேகத்தை ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சனிக்கிழமை வெட்டினால் வியாழக்கிழமைக்குள் மறுபடி கணுக்காலைத் தொட்டுவிடும். ராலே நகருக்கு வெளியே எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர், நம் கணக்கில் 100 சென்ட். வீடும் மரங்களும் போக முக்கால் ஏக்கர் வெறும் புல். தள்ளிக்கொண்டு போகிற புல்வெட்டும் மோவரை நம்பினால் ஞாயிற்றுக்கிழமையைத் தாரை வார்க்க வேண்டியதுதான். அதனால் வீடு வாங்கும்போதே, விற்றவரிடம் பேசி, அவர் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்த மோவரையும் சேர்த்து வாங்கிவிட்டேன். 2011 மாடல், 42 இன்ச் டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடித்தகடு), ஒற்றை சிலிண்டர், 500 சிசி.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மே மாதம் அது புகைய ஆரம்பித்தது. முதலில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு தடவை பொங்கிவிட்டு நின்றுவிடும். ஜூன் வாக்கில் கொசு மருந்து அடிக்கிற வண்டி தெருவில் போகிற மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் கால் லிட்டர் ஆயில் குடித்தது. பக்கத்திலிருந்த ஒரு பழுது பார்க்கும் கடைக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். பார்த்ததற்கு மட்டும் 95 டாலர். "இன்ஜின் முடிஞ்சது. புதுசு போட்டா கூலியோட 1,650 டாலர் ஆகும். அதுக்கு நீங்க புது வண்டியே வாங்கிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று இரவு காங்கேயத்தில் இருக்கிற மாமனாரிடம் போனில் சொன்னேன். தோட்டத்தில் முப்பது வருடம் ஆயில் இன்ஜின் ஓட்டியவர். "ஏனுங் மாப்ள, ரிங் தேஞ்சிருக்கும். போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் ஒண்ணு போட்டா இன்னும் பத்து வருசம் ஓடுமுங். இதுக்குப் போயி புது இன்ஜினா?" என்றார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்; போர் போடுவது, அதாவது ரீபோர், தேய்ந்த சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது.

கடைக்காரர் சொன்னதும் மாமனார் சொன்னதும் இரண்டுமே பாதிதான் சரி என்று அந்தக் கோடை முடிவதற்குள் தெரிந்துகொண்டேன். இன்ஜினை மாற்றலாமா என்று கேட்டால் எல்லோரும் இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். பதில் அங்கே கிடையாது. சீட்டுக்கு அடியில், பின் சக்கரங்களுக்கு நடுவில் ஒரு பெட்டி இருக்கிறதே, அதில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் வேறொரு கேள்வி.

செத்தது இன்ஜின்தானா?

புகைந்தால் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டுவது காய்ச்சல் என்றாலே டைபாய்டு என்பது மாதிரி. இந்த ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் புகைக்கு மலிவான காரணங்கள் நிறைய உண்டு.

முதல் சந்தேகம் கார்புரேட்டர் மேல். மிதவையின் ஊசி சரியாக அடைக்காவிட்டால் வண்டி நிற்கும்போது பெட்ரோல் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் நீங்கள் ஊற்றியதைவிட ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாசம் அடித்தால் விஷயம் இதுதான். ஊசியையும் ஆயிலையும் மாற்றினால் தீர்ந்தது.

இரண்டாவது ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு. இந்த வகையில் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே, வால்வைத் திறக்கும் கம்பியான புஷ்ராடு போகிற குழி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் மெல்லிசான ஒரு பட்டையாகத்தான் இருக்கும். அது கருகிக் கிழிந்தால் எரியும் வாயு நேராக, ஆயில் இருக்கும் அடிப்பாகமான கிராங்க் கேஸுக்குள் இறங்கி, உள்ளே அழுத்தம் ஏறி, பிரீதர் என்ற காற்றுப்போக்கி வழியாக ஆயிலைத் தூக்கி ஏர் ஃபில்டர் பக்கம் கொண்டுவந்து ஊற்றும். அந்த ஆயில் மறுபடி உறிஞ்சப்பட்டு எரியும். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசலாக ரிங் தேய்ந்த இன்ஜின். கேஸ்கெட் விலை நான் வாங்கியபோது 18 டாலர். இதைப் பார்க்காமலே இன்ஜினைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ!

மூன்றாவது வால்வு கேப், அதாவது வால்வின் நுனிக்கும் அதை அமுக்கும் கரத்துக்கும் நடுவில் விடும் இடைவெளி. இதில் புகை வராது, ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டர் அரைச் சுற்று சுற்றி, முட்டிக்கொண்டு நின்றுவிடும். பேட்டரி வீக் என்று நினைத்து மாற்றுவோம், அப்புறம் ஸ்டார்ட்டரை மாற்றுவோம். உண்மையில் கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன மேடு இருக்கிறது. ஸ்டார்ட் ஆகும்போது வால்வைக் கொஞ்சம் திறந்து அழுத்தத்தைக் குறைப்பது அதன் வேலை. வால்வு கேப் கூடிப்போனால் அந்த மேடு வால்வை எட்டாது. இன்டேக் 3 முதல் 5, எக்ஸாஸ்ட் 5 முதல் 7, ஆயிரத்தில் ஒரு பங்கு இன்ச் கணக்கில், என்பது இந்த வகையில் பரவலாக உள்ள அளவு. உங்கள் இன்ஜினின் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று, அரை மணி நேரம், செலவு பூஜ்யம்.

இதே மேட்டினால்தான் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் சாதாரண கம்ப்ரஷன் கேஜை இந்த இன்ஜின்களில் நம்பக் கூடாது என்கிறேன். வால்வு பாதி திறந்திருக்கும்போது அளந்தால் நல்ல இன்ஜினும் நோஞ்சானாகத்தான் காட்டும். லீக் டவுன் சோதனைதான் சரி. பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்றைக் கொடுத்து, எங்கே தப்பிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. டிப்ஸ்டிக் குழாயில் சீறினால் ரிங்கும் ஆகலாம், நான் சொன்ன அந்தக் கேஸ்கெட்டும் ஆகலாம். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை.

எனக்கு டிப்ஸ்டிக்கில் சீறியது. ஹெட்டைக் கழற்றினேன். கேஸ்கெட்டில் புஷ்ராடு பக்கம் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். அப்பாடா என்று துள்ளிக் குதித்தேன், உண்மையிலேயே. பிறகு பிஸ்டனைக் கீழே இறக்கி, சிலிண்டர் சுவரைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலிருந்து கீழாக மூன்று கோடுகள். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் ஒவ்வொன்றிலும் தட்டி நின்றது. நகம் வழுக்கிக்கொண்டு போனால் பயமில்லை. தட்டினால் உலோகம் தின்னப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஏர் ஃபில்டரை எடுத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அதன் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் மடங்கி உட்கார்ந்திருந்தது. போட்டது நான்தான். இந்த ஊர்ச் செம்மண் தூசு இரண்டு கோடையாக அந்த இடுக்கு வழியாக உள்ளே போய் உப்புத்தாள் மாதிரி சிலிண்டரை அராவியிருக்கிறது.

கேஸ்கெட்டை மாற்றி ஓட்டிப் பார்த்தேன். புகை பாதியானது, நிற்கவில்லை. ஆக, என் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் அவர் ஹெட்டைக் கழற்றாமலே சொன்னார் என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

மாமனாரின் யோசனை ஏன் இங்கே எடுபடாது

ஊர்ப் புத்தி ரீபோரைத்தான் முதலில் சொல்லும். எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் இரண்டு இன்ஜின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாமனாரின் தோட்டத்தில் ஓடிய கிர்லோஸ்கர் ஏவி1 டீசல் 553 சிசி. அதிலிருந்து எடுப்பது 5 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 1,500 சுற்றில். கனமான வார்ப்பிரும்பு, கழற்றி மாற்றுகிற லைனர், மாற்றக்கூடிய பேரிங். என்னுடைய மோவர் இன்ஜின் அதைவிடச் சிறிய 500 சிசி. அதிலிருந்து 19 குதிரைத்திறன் என்று விளம்பரம், ஓடுவது 3,300 சுற்றுக்கு மேல். உடம்பு அலுமினியம், உள்ளே இறுக்கி வார்த்த மெல்லிய இரும்புச் சட்டை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடும் அலுமினியம். அதற்குத் தனி பேரிங் கிடையாது, ராடே நேராக கிராங்க் பின் மேல் உரசி ஓடும். முன்னது திரும்பத் திரும்பப் பிரிப்பதற்கென்றே செய்தது. பின்னது ஒரு முறை செய்து, ஓடும் மட்டும் ஓடட்டும் என்று விட்டது.

இன்னொரு தடை கூலி. காங்கேயத்தில் லேத்துக்காரரிடம் கொடுத்தால் மாலையில் போர் போட்டு வாங்கிவிடலாம். இங்கே மோவர் சிலிண்டருக்கு போர் போட ஆளைத் தேடுவதே ஒரு வேலை. நான் விசாரித்த ஒரே மெஷின் ஷாப் 180 டாலர் கேட்டது. பிஸ்டன், ரிங், கேஸ்கெட் செட், ராடு எல்லாம் சேர்த்தால் 400 டாலரைத் தாண்டுகிறது. கூடவே கிராங்கும் தேய்ந்திருந்தால் போட்டதெல்லாம் வீண். பாதி கட்டிய நிலையில் வரும் ஷார்ட் பிளாக்குகள் முன்பு பரவலாகக் கிடைத்தன. இப்போது என் மாடலுக்கு இல்லை. சிலிண்டர் நன்றாக இருந்து, ரிங் மட்டும் போன இன்ஜின் என்றால் பிரித்து வேலை பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. கோடு விழுந்த சிலிண்டருக்கு இல்லை.

மாமனாரிடம் இதைச் சொன்னபோது சிறிது நேரம் பேசவில்லை. "அலுமினியத்துல ராடா?" என்று மட்டும் கேட்டார்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி

இப்போது அந்தப் பெட்டி, அதாவது இன்ஜினின் பலத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டிரான்ஸ்மிஷன். இன்றைய மோவர்களில் பெரும்பாலானவை கியர் மாற்றாமல் பெடலை அமுக்கி ஓட்டுகிற, ஆயில் அழுத்தத்தால் நகரும் ஹைட்ரோஸ்டாட்டிக் வகை, சுருக்கமாக ஹைட்ரோ. பெரிய கடைகளில் விற்கிற ஆரம்ப விலை வண்டிகளில், பானட்டின் நிறம் பச்சையோ ஆரஞ்சோ, அடியில் பெரும்பாலும் டஃப் டார்க் நிறுவனத்தின் கே46 அல்லது ஹைட்ரோ கியர் நிறுவனத்தின் இலகு வகை ஏதாவது ஒன்றுதான் இருக்கும். சமதரையில் புல் வெட்டப் போதும். மேடேறி இறங்குவதும், பின்னால் டிரெய்லர் கட்டி மண் இழுப்பதும் அதன் ஆயுளைத் தின்னும். கே46-ல் ஆயிலை வடிக்க அடைப்பான்கூடக் கிடையாது. முழுப் பெட்டியையும் இறக்கித் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் ஆயில் மாற்ற முடியும்.

இது போனால் புதுப் பெட்டி இன்ஜின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகவே 800 டாலர் கொடுத்துப் புது இன்ஜின் போட்டு, அடுத்த கோடையில் டிரான்ஸ்மிஷன் போய், வண்டி நடு மேட்டில் நின்றால், அழகான புது இன்ஜினோடு ஒரு பிணம் உங்கள் கராஜில் கிடக்கும்.

பரிசோதிப்பது சுலபம், பொறுமைதான் வேண்டும். புகைந்தாலும் பரவாயில்லை, நாற்பது நிமிடம் ஓட்டிப் பெட்டியைச் சூடாக்குங்கள். ஆயில் சூடேறி இளகிய பிறகுதான் தேய்ந்த ஹைட்ரோ தன் சுயரூபத்தைக் காட்டும். உங்கள் நிலத்திலேயே மிகச் செங்குத்தான இடத்தில் நிறுத்தி, பெடலை முழுக்க அமுக்கி ஏற்றிப் பாருங்கள். இன்ஜின் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருக்க, வண்டி மட்டும் முனகிக்கொண்டு நத்தை மாதிரி போனாலோ நின்றாலோ, இன்ஜினைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது டெக். அடியில் காய்ந்த புல்லைச் சுரண்டிவிட்டு ஸ்குரூ டிரைவர் முனையால், பிளேடு சுழலும் அச்சான ஸ்பிண்டில் பொருத்திய இடத்தைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் துரு தின்றுவிட்டது. பிளேடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஸ்பிண்டில் பேரிங் நிலைமை தெரிந்துவிடும். ஆனால் ஸ்பிண்டில் மலிவு, நாமே மாற்றலாம். அதற்காக வண்டியைக் கைவிட வேண்டாம்.

என் வண்டி சூடேறிய பிறகும் பின்வாசல் மேட்டை முனகாமல் ஏறியது. டெக்கில் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு துரு. வெல்டிங் வைத்தால் போதும். இந்த இரண்டும் வேறு மாதிரி இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

எந்த இன்ஜின்?

மாற்றுவது என்று முடிவானால் நான்கு பாதைகள். அதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள். மோவர் இன்ஜினின் ஷாஃப்ட் கீழ் நோக்கி நிற்கும் செங்குத்து வகை. வீட்டு மோவர்களில் பெரும்பாலும் ஷாஃப்ட்டின் விட்டம் 1 இன்ச், நீளம் 3 5/32 இன்ச். கொஞ்சம் பெரிய வண்டிகளில் 1 1/8 இன்ச்சும் வரும். விட்டமோ நீளமோ மாறினால் புல்லி பொருந்தாது, பெல்ட் நேர்க்கோட்டில் ஓடாது. ஹார்பர் ஃபிரைட் கடையில் மலிவாகக் கிடைக்கிற பிரிடேட்டர் 670 சிசி இரட்டை சிலிண்டரைப் பார்த்து ஆசைப்பட்டுவிடாதீர்கள். அதன் ஷாஃப்ட் கிடைமட்டம்.

முதல் பாதை, அதே மாடல் புது இன்ஜின். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின் என்றால் மேல் மூடியில் மாடல், டைப், கோட் (code) என்று மூன்று எண்கள் அடித்திருப்பார்கள். மாடல் எண்ணின் முதல் ஒன்றிரண்டு இலக்கங்கள் இன்ஜினின் கொள்ளளவு, கன இன்ச்சில். கோட் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் செய்த ஆண்டு. மாடலும் டைப்பும் பொருந்த வாங்கினால் ஒயர், கேபிள், சைலன்சர் எல்லாம் அப்படியே உட்காரும். ஒற்றை சிலிண்டர் நான் பார்த்தபோது 650 முதல் 900 டாலர் வரை. கூலி இல்லாமல் நாமே போட்டால் ஒரு சனிக்கிழமை வேலை. தலைவலி குறைவு, பணம் அதிகம்.

இரண்டாவது பாதை, இரட்டை சிலிண்டருக்குத் தாவுவது. இணையத்தில் அதிகம் பேசப்படுவதும், அதிகம் பேர் மாட்டிக்கொள்வதும் இதில்தான். கவாசாகி எஃப்ஆர்651வி, 726 சிசி, அருமையான இன்ஜின், சந்தேகமே இல்லை. அதிர்வு குறைவு, சத்தம் இனிமை. ஆனால் அதைப் போட்டால் வண்டி வேகமாகப் போகும், சீக்கிரம் வெட்டி முடிக்கலாம் என்ற நினைப்பு தவறு. எந்த இன்ஜினானாலும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பழைய சுற்றிலேயேதான் பிடித்து வைக்கும், வைக்கவும் வேண்டும். பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்று பாதுகாப்புத் தரவிதி இருக்கிறது. கூடுதல் பலம் ஈரப்புல்லிலும் முழங்கால் உயரப் புல்லிலும்தான் தெரியும். வாரம் தவறாமல் வெட்டுகிறவருக்கு அந்தப் பலம் பெட்டியில் பூட்டிய நகை மாதிரி. சைலன்சர் புதிதாக வேண்டும், இரண்டு வாய் ஆயிற்றே. பானட் இடிக்கலாம். ஒயரிங்கை மாற்றிக் கட்ட வேண்டும். இன்ஜினே ஆயிரம் டாலருக்கு மேல். ஆரம்ப விலை வண்டியில் இதைச் செய்வது மண் குதிரைக்கு வெள்ளிச் சேணம்.

குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து இன்ஜின்களை ஒப்பிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோவர்களின் குதிரைத்திறனை ஏற்றிச் சொல்லி விற்றதாக அமெரிக்காவில் பல நிறுவனங்கள் மீது தொடுத்த கூட்டு வழக்கு 2010-ல் சமரசத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு பல பானட்களில் சிசி எண்ணைப் போட ஆரம்பித்தார்கள். சிசியைப் பாருங்கள். இன்னொரு துப்பு, இன்ஜின் மேல் ஒட்டியிருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு லேபிள். அதில் ஏ, பி, சி என்று ஒரு வகை குறித்திருப்பார்கள். 225 சிசியும் அதற்கு மேலும் உள்ள இன்ஜின்களில் ஏ என்றால் 1,000 மணி நேரம், பி 500, சி 250. அவ்வளவு நேரம் புகை அளவு சட்டத்துக்குள் இருக்கும் என்பதுதான் அதன் பொருள், ஆயுளுக்கு உத்தரவாதம் இல்லை. ஆனாலும் தயாரித்தவரே எவ்வளவு தூரம் நம்புகிறார் என்று கோடி காட்டிவிடும்.

மூன்றாவது, பெயர் தெரியாத மலிவு இன்ஜின். விலை பாதிதான். இரண்டு வருடம் கழித்து ஒரு கார்புரேட்டர் கேஸ்கெட் தேவைப்படும்போது எங்கே தேடுவது என்பதுதான் கேள்வி. எனக்குப் பதில் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன்.

நான்காவது, டிரான்ஸ்மிஷன் போய் இன்ஜின் நன்றாக இருக்கிற வேறொரு மோவரை வாங்கி, இதயத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. மேலே சொன்ன அதே இலகு ஹைட்ரோ பெட்டிகளின் புண்ணியத்தால் "ஓடுது, நகராது" என்ற விளம்பரங்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. இன்ஜின் நன்றாக இருந்தும் வண்டி நகராததால் தள்ளிவிடுவார்கள். நிலம் சமமாக, கை கொஞ்சம் வேலை பழகியதாக இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரே ஒரு வகை வண்டிக்கு மட்டும் புது இன்ஜினுக்கு எவ்வளவு செலவழித்தாலும் தகும். 1983-லிருந்து 1992 வரை வந்த ஜான் டியர் 318 மாதிரியான பழைய கார்டன் டிராக்டர்கள். அதிலிருந்த ஓனன் இன்ஜினுக்கு உதிரி பாகம் கிடைப்பது சிரமமாகிவிட்டது. ஆனால் வண்டியின் சட்டகமும் ஹைட்ரோவும் யானை பலம். அவற்றின் இன்ஜின் ஷாஃப்ட் கிடைமட்டம் என்பதால் பிரிக்ஸின் வேன்கார்டு, ஏன், நான் வேண்டாம் என்ற அந்தப் பிரிடேட்டர்கூட, தகுந்த கிட் வாங்கினால் பொருந்தும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் விற்காதீர்கள். விற்பதானால் என்னிடம் சொல்லுங்கள்.

புது வண்டி, பேட்டரி வண்டி, ஆள் வைப்பது

புது ஆரம்ப விலை மோவர் நான் பார்த்தபோது 2,000 முதல் 2,500 டாலர். உத்தரவாதம் கிடைக்கும், நிம்மதி கிடைக்கும். ஆனால் நீங்கள் வாங்குவது பழையதைவிட மெல்லிய தகடு டெக்கையும் அதே இலகு ஹைட்ரோவையும்தான். பழைய வண்டியின் பெட்டி போய்விட்டது என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். அப்போதும் அதே பணத்தில் நல்ல பழைய கார்டன் டிராக்டர் கிடைக்குமா என்று ஒரு மாதம் தேடிவிட்டு வாருங்கள்.

பேட்டரி வண்டிகளை ஒதுக்க எனக்கு மனமில்லை. காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டார் முகம் சுளிக்காமல் வெட்டலாம், ஆயில் இல்லை, கார்புரேட்டர் இல்லை. முக்கால் ஏக்கருக்குத் தாராளமாகப் போதும். விலைதான் இடிக்கிறது. பேட்டரி தளர்ந்து மாற்றும் நாள் வந்தால் அது இன்ஜின் மாற்றுவதைவிடப் பெரிய செலவாகவும் இருக்கலாம். வாங்குவதற்கு முன்பே மாற்று பேட்டரியின் விலையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் வைத்தால்? எங்கள் பகுதியில் ஒரு தடவைக்கு 65 டாலர் கேட்டார்கள். வருடத்துக்கு 28 தடவை என்றால் 1,820 டாலர். கடைக்காரர் சொன்ன 1,650-ஐயே தாண்டிவிட்டது. முதுகு வலி இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. எனக்கு வாரத்தில் யாரும் தொலைபேசியில் பிடிக்க முடியாத ஒரே ஒன்றரை மணி நேரம் மோவர் மேல் உட்கார்ந்திருப்பதுதான். அதைக் காசு கொடுத்து இழக்க விருப்பமில்லை.

நான் செய்தது

மூன்று வாரம் தேடியதில் எட்டு மைல் தூரத்தில் ஒன்று கிடைத்தது. என் இன்ஜினின் அதே குடும்பம், அதே ஷாஃப்ட் அளவு, மீட்டரில் 310 மணி நேரம், ஹைட்ரோ காலி. வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போனதும் முதலில் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. சூடாக்கி வைத்த இன்ஜின் பொய் சொல்லும், குளிர்ந்த இன்ஜினுக்கு அது தெரியாது. முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது, புகை இல்லை. டிப்ஸ்டிக்கைக் கழற்றி ஓட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தேன், உள்ளிருந்து காற்று முட்டித் தள்ளவில்லை. ஆயிலை வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தேன், உலோக மினுமினுப்பு இல்லை. 225 டாலருக்குப் பேசி முடித்தேன்.

மாற்றும் வேலையில் இன்ஜினைத் தூக்குவதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. நான்கு போல்ட், மூன்று ஒயர், ஒரு பெட்ரோல் குழாய், ஒரு கேபிள். உயிரை வாங்கியது புல்லி. வந்த வண்டியின் புல்லி வேறு அமைப்பு, ஆகவே இரண்டு இன்ஜின்களிலிருந்தும் கழற்றியாக வேண்டும். என் பழைய இன்ஜினில் அது பன்னிரண்டு வருடத் துருவோடு ஷாஃப்டில் ஊறிப் போயிருந்தது. நடு போல்ட்டை இம்பாக்ட் ரெஞ்சால் கழற்றிவிட்டேன், புல்லி அசையவில்லை. சுத்தியலை எடுத்த கை தானாக நின்றது. அந்த அடி பழைய இன்ஜினுக்குப் போனால் போகட்டும், புல்லி நெளிந்தால் புதிது 70 டாலர். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ராத்திரி முழுக்க விட்டேன், காலையில் மறுபடி அடித்தேன், மாலையில் டார்ச்சால் புல்லியின் கழுத்தை மட்டும் சூடாக்கினேன். பெட்ரோல் டேங்க்கை அதற்கு முன்பே வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை சூடாக்கி, இரண்டு நெம்புகோலை எதிரெதிரே கொடுத்து அமுக்கியபோது "டொக்" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. புதிய ஷாஃப்டில் ஏற்றும் முன் துருவேறி ஒட்டாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையைத் தாராளமாகத் தடவினேன். அடுத்து யார் கழற்றப் போகிறார்களோ, நல்லா இருக்கட்டும்.

ஒயரிங்கில் ஒரு சின்ன வித்தியாசம். என் பழைய இன்ஜினிலிருந்து இரண்டு ஒயர் வரும், ஒன்று டயோடு வழியாக பேட்டரிக்கு, மற்றது நேராக ஹெட்லைட்டுக்கு. வந்த இன்ஜினில் ரெகுலேட்டரோடு ஒற்றை ஒயர். இரவில் யார் புல் வெட்டப் போகிறார்கள்? ஹெட்லைட்டைக் கைவிட்டு அதை பேட்டரிப் பக்கம் கொடுத்துவிட்டேன். ஆயில், ஃபில்டர், பிளக், கனெக்டர் எல்லாம் சேர்த்து 60 டாலர். கேஸ்கெட் 18, கடைக்காரருக்குக் கொடுத்த 95, எல்லாம் கூட்டினால் 398 டாலர். ஏர் ஃபில்டரின் நான்கு மூலையையும் விரலால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் இலவசமாக வந்தது.

இது மூன்றாவது கோடை. ஆயில் மட்டம் இறங்கவில்லை.

மிச்சமான வண்டியையும் என் பழைய இன்ஜினையும் டிரக்கில் ஏற்றி இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். எடைபோட்டு 14 டாலர் கொடுத்தார்கள். மாமனாருக்கு இது இன்னும் தெரியாது. போன வாரம்கூடக் கேட்டார், "அந்தப் பழைய இன்ஜின பத்திரமா வெச்சிருக்கீங்களா மாப்ள? கிராங்க் நல்லாத்தான இருக்கும்?"